பற்றுநிலை

திரவம் எரிவதில்லை, எரிவது அதிலிருந்து எழும் ஆவி. இது பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான். ஆனால் காரணம், பொறுப்பு என்ற இரு சொற்களை நாம் கையாளும் விதத்தைப் பார்த்தால், இந்தப் பாடம் நமக்குள் இறங்கவேயில்லை என்று தோன்றுகிறது.

திரவத்தின் மேல் ஆவி சேர்ந்து, காற்றுடன் கலந்து, காட்டிய நெருப்பில் ஒரு கணம் பற்றிக்கொள்ளப் போதுமானதாகும் மிகக் குறைந்த வெப்பநிலையை ஃபிளாஷ் பாயிண்ட் என்கிறார்கள். பற்றுநிலை என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு இது பூஜ்யத்துக்கும் சுமார் 40 டிகிரி கீழே. எந்த மார்கழியிலும் அது தயாராகவே இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது இந்தியத் தரவிதி. தாம்பரத்தில் மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் சீசாவுக்குள் உறைந்து கிடக்கும். 24 டிகிரியை ஒட்டி அது உறைந்துவிடுகிறது. அதே வீட்டில் இருக்கும் மண்ணெண்ணெய், அக்னி நட்சத்திர வெயிலில் தன் பற்றுநிலையைத் தாண்டிவிடக்கூடும். மார்கழியில் மேலே விழுந்து அணைந்துபோயிருக்கக்கூடிய தீக்குச்சி அப்போது அணையாது. குச்சி அதே குச்சி. எண்ணெய் அதே எண்ணெய். எனில் தீக்கு எது காரணம்?

குச்சி என்று சொல்லவே நாம் பழகியிருக்கிறோம். சட்டமும் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கிறது. கொலையிலிருந்து ஒரு செயலை ஒருபடி இறக்க இந்திய தண்டனைச் சட்டத்தின் 300வது பிரிவு வைத்திருந்த முதல் விலக்கு, 'கடுமையான, திடீரென்ற' கோபமூட்டல். 2024ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்தத் 'திடீர்' அப்படியே இருக்கிறது. 1959ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியின் காதலனைச் சுட்டார். மனைவி ஒப்புக்கொண்டதற்கும் துப்பாக்கி வெடித்ததற்கும் இடையே சுமார் மூன்று மணி நேரம். அதற்குள் அவர் தன்வசத்துக்குத் திரும்பியிருக்க முடியும் என்று 1961ல் உச்சநீதிமன்றம் விலக்கை மறுத்தது. அந்த வழக்கில் முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதன் அடியில் இருக்கும் அனுமானம் யோசிக்க வைக்கிறது: மனம் என்பது அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம், நேரம் போகப் போக ஆறும் என்பது அது. பாத்திரம் இன்னும் அடுப்பின் மேலேயே இருந்தால்?

கொதிக்கும் நீர் 100 டிகிரியில் நின்றுவிடுகிறது. ஒரு கிராம் நீராவியாக மாற ஏறக்குறைய 540 கலோரியை அது உள்வாங்கும்போது தெர்மாமீட்டர் அசைவதில்லை. 18ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் இதைக் கண்டார். நம் பாடநூல்காரர்கள் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயரிட்டார்கள். சொல்லாத பொருளைச் சுமக்கும் உவமத்துக்குத் தொல்காப்பியம் வைத்த அதே சொல். பாடநூல் தமிழ் இவ்வளவு பொருத்தமாக அமைவது அபூர்வம். பொறுமை என்று நாம் புகழ்வது பல சமயம் தெர்மாமீட்டர் அசையாத இந்த இடைவெளியைத்தான்.

சென்னை உயர்நீதிமன்றம் 1989ல் இந்த இடைவெளியைக் கண்டுகொண்டது. குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், திடீர்க் கோபமூட்டலோடு 'நீடித்த' கோபமூட்டலையும் அது ஏற்றது. நல்லதங்காள் பெயரும் அங்கே வந்தது. நல்லதங்காளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனது எந்த ஒரு கணமும் அல்ல. பஞ்சமும், அண்ணி சாத்திய கதவும்.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. எல்லாச் செயலுக்கும் உள்ளுறை வெப்பம் உண்டென்றால் எவன்தான் குற்றவாளி? 'ஸ்டவ் வெடித்தது' என்ற வாக்கியத்தைத் தமிழ்ப் பத்திரிகைகள் எத்தனை மருமகள்களின் சாவுக்குப் போர்வையாக்கின! அதில் எழுவாய் ஸ்டவ், மனிதர்களே இல்லை. சூழ்நிலைமீது பழிபோடுவதும் இதே இலக்கணம்தான். எனவே கேள்வியை மாற்றவேண்டும். வெப்பம் இருந்ததா என்பது போதாது; அடுப்பை மூட்டியது யார், இறங்க வழியில்லாமல் மேலே இருந்தது யார்? நீடித்த வெப்பம் அதைத் தாங்கியவளுக்குச் சலுகையாகலாம். மூட்டியவனுக்கு அதுவே குற்றப்பத்திரிகை. பொறுப்பைப் பங்கிடுவது அதை ரத்து செய்வதாகாது. என் தொழிலில் சொன்னால், கணக்கை நான்கு பேர் பேரில் பிரித்து எழுதினாலும் மொத்தம் குறைவதில்லை.

பற்றுநிலையை மூடிய கிண்ணத்தில் அளந்தால் ஓர் எண், திறந்த கிண்ணத்தில் அளந்தால் வேறோர் எண். மூடியதில் ஆவி வெளியேற முடியாததால் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். அதாவது பற்றுநிலை திரவத்தின் குணம் மட்டும் அல்ல, கிண்ணத்தினுடையதும்கூட. 'அவள் சுபாவமே அப்படி' என்று ஒரு குடும்பம் சொல்லும்போது நாம் கேட்கவேண்டியது கிண்ணத்தைப் பற்றி.

இது நம் இலக்கியத்துக்கும் பொருந்தும். கடைசி வரியில் தீக்குச்சி கிழிக்கும் கதைகளையே வாரப்பத்திரிகைகள் நமக்குக் கொடுத்து வந்தன. புதுமைப்பித்தனின் 'பொன்னகர'த்தையும் அதன் முடிவுக்காகவே மேற்கோள் காட்டுகிறோம். அந்த முடிவு பற்றிக்கொள்வதே அதற்கு முன்னால் வரும் சந்தும் சாக்கடையும் மில் கூலியும் சேர்த்துவைத்த சூட்டினால். தெர்மாமீட்டர் அசையாத நேரத்தை எழுதுவதே கடினம். அதை எழுதாதவனுக்கு யாரையும் மன்னிக்கவோ தண்டிக்கவோ அருகதை இல்லை.