வேடமும் விலையும்

கலகக்காரனுடைய கோலத்தைக் கூலி பெற்று வணிகனுக்கு வரைந்துகொடுப்பது சித்திரக்காரனுக்குத் தர்மமாகுமா என்னும் வினாவை அந்தமானில் வாழும் நம்மவர் எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஏனெனில், 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையின் உருவம், நடுக்கோபுரத்திலிருந்து ஏழு கிளைகளாக விரிந்து, ஒருவர் முகத்தை மற்றொருவர் காணாதவாறு மனிதரைத் தனிமையில் நொறுக்கவென்றே ஆங்கில அரசாங்கத்தால் வகுக்கப்பட்டதாயினும், 1933ஆம் ஆண்டின் உண்ணாவிரதத்தில் பலவந்தமாக உணவு புகட்டப்பட்டு மாண்ட மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா போன்றோரின் தியாகத்தால் பூஜிக்கத்தக்கதாயிற்று. இன்று மூன்று கிளைகளே எஞ்சி நிற்கின்றன. அந்தக் கோபுரத்தை மதுப்புட்டியின் மேல் வரையச் சொல்லி ஒருவர் கேட்டால் என் செய்வது?

1960இல் புரட்சியாளர் சே குவேராவைப் படம் பிடித்த கியூபாவின் ஆல்பர்டோ கோர்டா, அப்படம் உலகெங்கும் பரவியதைத் தடுக்கவில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டில் ஒரு வோட்கா விளம்பரத்தில் அது இடம்பெற்றபோது வழக்குத் தொடுத்து, கிடைத்த தொகையைத் தம் நாட்டின் மருத்துவப் பணிக்கே ஈந்தார். அவருடைய விவேகம் எனக்கு உவப்பானது.

பெரிய புராணத்தில் பகையரசனான முத்தநாதன் சிவனடியார் வேடத்தில் திருநீறு பூசி, புத்தகக் கட்டினுள் கத்தியை மறைத்துவந்து மெய்ப்பொருள் நாயனாரைக் குத்துகிறான். நாயனாரோ அந்த வேடத்தை வணங்கி, அவனை ஊறின்றி அனுப்பிவைக்கப் பணிக்கிறார். வேடத்தின் புனிதம் அதனால் குன்றவில்லை. ஆயினும் முத்தநாதனின் பாவமும் கழியவில்லை. அவனுக்கு அவ்வேடத்தை மற்றொருவர் அறிந்தே புனைந்து கொடுத்திருந்தால், அவரும் அப்பாவத்தில் பங்காளியே என்பேன்.

இதனால் விற்பனையே பாவம் என்பது என் கருத்தன்று. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை நிறுவிய ஓவியர்கள், பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று ஜீவித்தே தம் ஓவியத்தின் சுதந்திரத்தைக் காத்தனர். பிறர் உயிர் கொடுத்து ஈட்டிய தீரத்தைச் சில ரூபாய்க்குத் தானும் பெற்றுவிட்டதாக வாங்குபவனை மயக்குவதே குற்றம்.

போர்ட் பிளேயரில் சித்திரத் தொழிலுக்கு வரும் இளைஞர்களே, கடைப் பலகையும் அழைப்பிதழும் மனமுவந்து வரைந்து கொடுங்கள். அந்தச் சிறைக்கோபுரத்தை மதுவுக்காகக் கேட்பவரிடம் மட்டும் முடியாதென்று சொல்லிவிடுங்கள்.