பாட்டைத் தேர்வது யார் பொறுப்பு?

பதின்மூன்றாம் வயதில் அடியெடுத்து வைக்கும் என் பேத்தி, பிறந்தநாள் பரிசாக ஒரு பாப் இசை ஆல்பம் வேண்டுமென்று கேட்டாள். அமெரிக்கப் பாடகி ஒலிவியா ரோட்ரிகோ 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட, புளிப்பு என்று பொருள்படும் 'சவர்' என்னும் தொகுப்பு அது. என் மகன் அதைப் பற்றி விசாரித்தான். பெற்றோரை எச்சரிக்கும் கறுப்பு வெள்ளை முத்திரை அதற்கு இடப்பட்டிருப்பதைக் கண்டான். "அம்மா, முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளோடு பழகியவர்கள் நீங்கள். வாங்கலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்" என்று பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டான்.

சிறிய கேள்வி போலத் தோன்றும். ஆயின் அதனுள்ளே ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. வளரும் பிள்ளையின் காதில் எது விழலாம் என்று முடிவு செய்யும் உரிமை மூத்தோர்க்கு உண்டா? உண்டெனில், அதை எந்த அளவுகோல் கொண்டு செலுத்துவது?

இக்கேள்வி புதியதன்று. கிரேக்க ஞானி பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில், இளைஞரை நெகிழச் செய்யும் பண்முறைகளை நகரிலிருந்தே விலக்கிவிட வேண்டும் என்றார். வீரத்தையும் நிதானத்தையும் வளர்க்கும் பண்கள் மட்டும் போதும் என்றார். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் அதைப் படித்தபோது எனக்கு அது முற்றும் சரியென்றே பட்டது. அன்று எனக்கு இருபது வயது.

மேற்கூறிய முத்திரைக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரின்ஸ் என்னும் பாடகரின் 'பர்ப்பிள் ரெயின்' தொகுப்பு 1984இல் வெளிவந்தது. அமெரிக்க மேலவை உறுப்பினராக இருந்த ஆல் கோர் அவர்களின் துணைவியார் டிப்பர் கோர், தம் 11 வயது மகளுக்காக அதை வாங்கினார். வீட்டில் ஒலிக்கவிட்டபோது, குழந்தையோடு அமர்ந்து கேட்கக் கூசும் பாட்டொன்று அதில் இருக்கக் கண்டு திகைத்தார். தம்மைப் போன்ற தாய்மார் சிலருடன் சேர்ந்து 1985இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள் மேலவைக் குழுவின் முன் விசாரணை நடந்தது. அதன்பின் இசைத்தட்டு நிறுவனங்கள் எச்சரிக்கை முத்திரை இட இசைந்தன. 1990இல் அது எங்கும் ஒரே வடிவம் பெற்றது. இன்று இணையவழிப் பாட்டுச் சேவைகளில் பாட்டின் பெயரருகே நிற்கும் 'இ' என்னும் ஆங்கில எழுத்து, அம்முத்திரையின் வழித்தோன்றலே.

அத்தாயின் கவலையை நான் குறை கூறமாட்டேன். பண்டத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்து வாங்க விரும்புவது தாயின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.

ஆனால் அதே விசாரணையில் வேறு இரு குரல்களும் ஒலித்தன. பாடகர் ஜான் டென்வர், மலைகளின் அழகையும் விண்மீன்களையும் கண்டு தாம் அடைந்த பரவசத்தைப் பாடிய பாட்டைப் போதைப் பாட்டென்று தவறாகக் கருதிச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்ததை எடுத்துரைத்தார். டீ ஸ்னைடர் என்னும் மற்றொரு பாடகர், தம் குழுவினர் ஒருவருக்கு நடக்கவிருந்த தொண்டை அறுவை சிகிச்சையையும் அதனால் எழுந்த அச்சத்தையும் எண்ணி எழுதிய பாட்டு, கொடிய இன்பத்தைப் பாடுவதாகக் குற்றஞ்சாட்டப்பட்டதைச் சொன்னார். கேட்டவர் தம் மனத்தில் இருந்ததையே பாட்டில் கண்டார் என்பது அவர் வாதம்.

இதைப் படித்தபோது எனக்குக் கானல்வரி நினைவுக்கு வந்தது. புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் மனம் வேறொருத்தியை நாடுகிறது என்று மாதவி எண்ணுகிறாள். தானும் வேறொருவன் மேல் மனம் வைத்தவள் போலப் பாடுகிறாள். அதை மெய்யெனக் கொண்டு கோவலன் எழுந்து போய்விடுகிறான். பாட்டில் தீமை இல்லை. கேட்ட செவியில் ஐயம் இருந்தது. அந்த ஐயத்திலிருந்து எத்தனை துயரம் விளைந்தது என்பதை நாம் அறிவோம்.

அன்பர்களே, அத்தகைய ஐயத்தால் நானும் ஒரு துயரம் விளைத்திருக்கிறேன். இதுவரை எழுதாத செய்தி இது.

1983ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பையில் ஒரு நோட்டுப் புத்தகம் கண்டேன். திரைப்பாடல்களைத் தன் கையால் எழுதி வைத்திருந்தாள். நான் பிரித்த பக்கத்தில் ஒரு காதல் பாட்டு. அவ்வளவுதான், அவள் ஏதோ தவறான வழியில் செல்கிறாள் என்று முடிவு செய்தேன். நோட்டை அவள் தந்தையிடம் அனுப்பினேன். அடுத்த வாரம் முதல் அவள் பள்ளிக்கு வரவில்லை. தேர்வும் எழுதவில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மற்றப் பக்கங்களைப் புரட்டியிருக்கலாம், புரட்டவில்லை. ஒரே ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு பெண்ணின் படிப்புக்கு முடிவு கட்டினேன். அவளைத் தீங்கிலிருந்து காப்பதாகவே அன்று நம்பினேன் என்பது உண்மை. அந்த நம்பிக்கை அவள் இழந்ததை ஈடு செய்யாது.

முத்திரை என்பதும் அப்படி ஒரு பக்கம்தான். 'இதில் கடுஞ்சொல் உண்டு' என்று அது சொல்லும். அச்சொல் எதற்காகச் சொல்லப்பட்டது, அதன் பின்னே இருப்பது இறுமாப்பா, வலியா என்று சொல்லாது. ஆகவே இம்முறை எல்லாப் பக்கங்களையும் புரட்டுவது என்று உறுதி கொண்டேன்.

பேத்தியின் அறையில் அவளோடு அமர்ந்து அத்தொகுப்பை முழுவதும் கேட்டேன். 11 பாட்டுகள், எல்லாம் சேர்ந்து 35 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். புரியாத இடங்களில் அவளே எனக்கு ஆசிரியை ஆனாள். முதற் பாட்டிலேயே அந்தக் கடுஞ்சொல் வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து போகவில்லை. அப்பாட்டு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தன்மேல் நம்பிக்கையற்றுத் தவிப்பதைப் பாடுகிறது. இன்னொரு பாட்டு, கைப்பேசியில் மற்றப் பெண்களின் படங்களைப் பார்த்துப் பார்த்துத் தன்னைத் தாழ்வாக எண்ணி வேகும் பொறாமையைப் பற்றியது. கடைசிப் பாட்டு, பெற்றோரால் காயப்பட்ட பழைய தோழர் எங்கிருந்தாலும் நலமாக இருக்க வேண்டுமென்று வாழ்த்துகிறது. பாடியவர்க்கு, தொகுப்பு வெளிவந்தபோது வயது 18.

பொறாமைப் பாட்டு முடிந்ததும் பேத்தி மெல்லச் சொன்னாள்: "பாட்டி, புதுப் பள்ளிக்கூடத்தில் எனக்கும் இப்படித்தான் இருக்கிறது." ஆறு மாதமாக வீட்டில் யாரிடமும் அவள் சொல்லாத சொல் அது. நான் 'வேண்டாம்' என்று முதலிலேயே தீர்ப்புக் கூறியிருந்தால், அப்பாட்டை அவள் வேறெங்கேனும் கேட்டிருப்பாள். இச்சொல்லை மட்டும் நாங்கள் கேட்டிருக்க மாட்டோம்.

எனில், எதையும் கேட்கவிடலாமா? கூடாது. தீமையைச் சொல்வது வேறு. தீமையைப் போற்றுவது வேறு. காப்பியங்களிலும் கொலையும் களவும் உண்டு. அவை அவற்றைக் கொண்டாடுவதில்லை. பெண்ணை இழிவாக்குவதையும், எளியவரைத் துன்புறுத்துவதையும் வெற்றியாகப் பாடும் பாட்டுகளும் சந்தையில் உள்ளன. அவற்றை வீட்டுக்குள் வரவேற்க வேண்டியதில்லை. ஏன் வேண்டாம் என்பதைப் பிள்ளைக்கு விளக்கியே மறுக்க வேண்டும். காரணம் கூறாத தடை அறிவை வளர்ப்பதில்லை. ஒளித்துச் செய்யும் திறத்தையே வளர்க்கும்.

கடுஞ்சொற்கள் எனக்கு உவப்பாக இல்லை என்பதையும் பேத்தியிடம் மறைக்கவில்லை. "வலி மிகுந்தபோது நாவில் வந்த சொல் அது. நீ அதைக் கடன் வாங்காமலே உன் வலியைச் சொல்ல முடியும், சற்று முன் சொன்னாயே" என்றேன். அச்சொற்கள் நீக்கப்பட்ட பதிப்பும் கிடைக்கிறது என்றும் தெரிவித்து, எது வேண்டுமென்று தேர்வதை அவளிடமே விட்டேன். ஒரு நாள் யோசித்து, நீக்கிய பதிப்பே போதும் என்றாள். "அப்பா இருக்கும்போதும் போட்டுக் கேட்கலாம் அல்லவா?" என்றாள்.

தேர்ந்து கொடுப்பது மூத்தோர் கடமையின் முதற்படி. தேரக் கற்றுக் கொடுப்பதே அதன் நிறைவு என்பது என் துணிபு. அதற்கு நாம் செலவிட வேண்டியது பெரும்பொருள் அன்று. பிள்ளையின் அருகே அமர்ந்து கேட்கும் 35 நிமிடம். அதை 1983இல் நான் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. இதைப் படிக்கும் பெற்றோரும் ஆசிரியரும் தம் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.