காசு வாங்கினால் குற்றம்!

நியூஜெர்சியில் இருக்கும் என் நண்பனின் மனைவிக்குக் கைமணம் ஜாஸ்தி. தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போதே அவர் வீட்டில் எண்ணெய் காய ஆரம்பித்துவிடும். தட்டை, முள்ளுமுறுக்கு, ரிப்பன் பக்கோடா என்று டப்பா டப்பாவாகச் செய்து அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவார். 2018 தீபாவளி சமயம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, "ஒவ்வொரு தடவையும் ஓசியில வாங்கிக்கக் கூச்சமா இருக்குக்கா. இந்த வருஷம் எனக்கு ரெண்டு கிலோ தட்டை வேணும். ஆனா, காசு வாங்கிக்கணும்" என்று சொல்லியிருக்கிறாள்.

நியாயமான பேச்சுதானே? இவரும் சரி என்று தலையாட்டப் போன நேரத்தில் நண்பன் குறுக்கே விழுந்திருக்கிறான். "வேணாம்மா. சும்மா குடு. காசு வாங்கினா இந்த ஊர்ல சட்டப்படி தப்பு."

அவன் சொன்னது நிஜம். வீட்டு அடுப்பில் செய்த பண்டத்தை விற்பதற்கு அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். மற்ற மாநிலங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் கதவைத் திறந்துவிட்ட பிறகும், வீட்டில் செய்த கேக், பிஸ்கட்டைக்கூட விற்கக் கூடாது என்று கடைசிவரை அடம்பிடித்த மாநிலம் நியூஜெர்சி. கோர்ட், கேஸ் என்று போய், 2021 அக்டோபரில்தான் விதியை மாற்றினார்கள். 100 டாலர் கட்டி அனுமதி வாங்கு, ரெண்டு வருஷத்துக்குச் செல்லும், வருஷத்துக்கு 50,000 டாலருக்கு மேல் விற்காதே என்று ஏற்பாடு.

ஆனால், நண்பன் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதே அடுப்பு, அதே எண்ணெய், அதே கை, அதே தட்டை. சும்மா கொடுத்தால் பாசம். காசு வாங்கினால் குற்றம். அந்த டாலர் நோட்டு கைமாறிய நொடியில் தட்டைக்குள் அப்படி என்னதான் மாறிவிட்டது?

விஸ்கான்சின் மாநிலத்தில் கூத்து இன்னும் பெரிசு. அங்கே தர்ம காரியத்துக்கு நிதி திரட்டுகிறேன் என்று ஒரு சங்கமோ சர்ச்சோ வீட்டு பிஸ்கட்டை மேஜை போட்டு விற்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அதே பிஸ்கட்டை ஒரு பெண் தன் குடும்பச் செலவுக்காக விற்றால் அபராதம், ஜெயில் வரைக்கும் சட்டத்தில் இடம் இருந்தது. மூன்று பெண் விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2017ல் நீதிபதி, மக்களின் பாதுகாப்புக்கும் இந்தத் தடைக்கும் உண்மையான சம்பந்தம் எதுவும் இல்லை என்று சொல்லித் தடையைத் தூக்கினார்.

அப்படியானால் சட்டம் போட்டவர்கள் எல்லாம் வடிகட்டிய முட்டாள்களா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இன்னொரு சம்பவத்தைப் படித்தபோது அந்த நினைப்பில் ஓட்டை விழுந்தது.

2015 ஏப்ரல். ஒஹையோ மாநிலத்தில் லான்காஸ்டர் என்கிற ஊர். சர்ச்சில் கூட்டு விருந்து. ஆளுக்கு ஒரு பதார்த்தம் வீட்டிலிருந்து செய்து எடுத்து வந்து பகிர்ந்து சாப்பிடும் வழக்கம். 77 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு சாலட் வந்தது. கிழங்கை வேகவைத்து ஜாடியில் அடைத்து மூடி, சாதாரணக் கொதிநீரில் பதப்படுத்தியிருந்தார்கள். பிரஷர் பாத்திரம் உபயோகிக்கவில்லை. பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் சாகாது. அதற்கு 120 டிகிரி வேண்டும். அது பிரஷரில்தான் கிடைக்கும். விளைவு, 29 பேருக்கு நோய். ஒருவர் இறந்தே போனார்.

கவனியுங்கள். அங்கே ஒரு காசு கைமாறவில்லை. பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அந்த சாலட்டில் அன்புக்குக் குறைச்சல் இருந்திருக்காது. ஆனால், கிருமிக்கு அன்பு தெரியாது. "எங்க வீட்டுச் சாப்பாடு சார், சுத்தம் சார்" என்று நாம் பெருமை அடித்துக்கொள்கிறோமே, அது பாதி நம்பிக்கை, பாதி அதிர்ஷ்டம்.

ஆக, சட்டம் பயந்தது தப்பில்லை. பயத்தை எந்தப் பக்கம் திருப்பியது என்பதில்தான் கோளாறு. ஓசிச் சாப்பாட்டைக் கண்டுகொள்ளாமல், காசு வாங்கிய சாப்பாட்டை மட்டும் முறைத்தது.

ஏன் காசை முறைக்கிறது? யோசித்தால் அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சும்மா கொடுப்பவர் பத்து வீட்டுக்குக் கொடுப்பார். அதற்கு மேல் கை வலிக்கும், பர்ஸும் வலிக்கும். காசு வர ஆரம்பித்தால் பத்து நூறாகும். நூறில் தொண்ணூறு பேர் முகம் தெரியாதவர்கள். அப்புறம் மெல்ல ஒரு சபலம் எட்டிப் பார்க்கும். நேற்றைய எண்ணெய் இன்னும் நல்லாத்தானே இருக்கு, ஒரு ஈடு போட்டுப் பார்க்கலாமே? பரிசாகக் கொடுக்கிற முறுக்கில் நாம் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. விற்கிற முறுக்கில் போடுவோம். நான் பி.காம். படித்தவன். லாபம் என்ற சொல் ஒரு நல்ல மனுஷனை என்னவெல்லாம் செய்யும் என்று மூன்று வருஷம் பாடமாகவே படித்திருக்கிறேன்.

அந்த வகுப்பில் படித்த இன்னொரு பாடமும் ஞாபகம் வருகிறது. 1930ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், பதினாறாவது பிரிவு. 'வாங்குகிறவனே, உஷாராக இருந்துகொள்' என்பது அதன் அடிநாதம். விதிவிலக்குகள் உண்டு. ஆனால், பரீட்சைக்கு எங்களுக்கு முதலில் மனதில் ஏறியது இந்த வாக்கியம்தான்.

இதை அப்படியே எடுத்து உணவுக்குப் போட்ட மாநிலம் வயோமிங். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம். 2015ல் 'உணவு சுதந்திரச் சட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் வேண்டாம், இன்ஸ்பெக்டர் வேண்டாம். வீட்டில் செய்ததை நேராக விற்கலாம். ஒரே முக்கியமான நிபந்தனை, வாங்குகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதாவது, 'இது அரசாங்கம் சோதிக்காத சமையலறையில் செய்தது' என்பது அவருக்குத் தெரிந்தே வாங்க வேண்டும். வேறு பல மாநிலங்களில் இதை லேபிளிலேயே அச்சடித்து ஒட்டச் சொல்கிறார்கள்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! விற்கிறவர் உண்மையைச் சொல்கிறார். வாங்குகிறவர் தெரிந்தே வாங்குகிறார். ரெண்டு வளர்ந்த மனிதர்களுக்கு நடுவில் சர்க்காருக்கு என்ன வேலை?

எனக்கும் இந்த வாதம் பிடித்துத்தான் இருந்தது. ஒரு நத்தை வந்து கெடுத்தது.

1928 ஆகஸ்ட். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரின் ஒரு காபிக் கடை. மே டொனஹ்யூ என்ற பெண்ணுக்கு அவருடைய சிநேகிதி ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுக்கிறார். உள்ளே இருப்பது வெளியே தெரியாத பாட்டில். பாதி குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றியபோது, அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்தது என்பது வழக்கு. டொனஹ்யூ நோயில் விழுந்தார். ஆனால், அவரால் வாங்கியவர் என்ற உரிமையில் கேஸ் போட முடியாது. ஏன் தெரியுமா? காசு கொடுத்து வாங்கியது சிநேகிதி. குடித்தது இவர். இவருக்கும் அந்த பீருக்கும் ஒப்பந்தமே கிடையாது! 1932ல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு ரெண்டு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, உன் செய்கையால் யாருக்குத் தீங்கு வரலாம் என்று நீ யோசித்திருக்க வேண்டுமோ, அவரெல்லாம் சட்டத்தின் கண்ணில் உன் அண்டை வீட்டார் என்பது அட்கின் பிரபு சொன்னதன் சாரம். வேடிக்கை என்னவென்றால், அந்த பாட்டிலில் நத்தை இருந்ததா என்பது கோர்ட்டில் கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை. இல்லாத நத்தையோ இருந்த நத்தையோ, உலகத்துக்கு ஒரு பாடம் கிடைத்தது.

இப்போது லேபிளுக்கு வாருங்கள். லேபிளைப் படித்துச் சம்மதித்தவர் வாங்கியவர். சாப்பிடுவது யார்? அவர் வீட்டு நாலு வயசுக் குழந்தை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். சர்க்கரை வியாதியும் பலவீனமான உடம்புமாக இருக்கும் தாத்தா. அவர்களிடம் யார் கேட்டார்கள்? வாங்குகிறவரின் சம்மதம் சாப்பிடுகிறவரின் சம்மதம் ஆகிவிடாது. 'நான்தான் முன்னாடியே சொல்லிட்டேனே' என்று லேபிளைக் காட்டிக் கைகழுவ ஒரு நல்ல மனிதரால் முடியாது.

அப்படியென்றால் லைசென்ஸ்தான் ரட்சிக்குமா? அதுவும் இல்லை. 2007ல் அமெரிக்காவில் டின்னில் அடைத்த சாஸ் சாப்பிட்டு எட்டுப் பேருக்கு அதே பாட்டுலிசம் வந்தது. அது வீட்டு அடுப்பில் செய்ததல்ல, சகல அனுமதிகளோடும் நடந்த பெரிய தொழிற்சாலையில் செய்தது. சுவரில் மாட்டிய சர்டிபிகேட்டும் கிருமிக்குப் படிக்கத் தெரியாது.

பின்னே என்னதான் வழி என்கிறீர்களா? எனக்குத் தெரிந்து ரெண்டு விஷயம்.

ஒன்று, காசைப் பார்க்காமல் பண்டத்தைப் பார்ப்பது. புளிப்பு அதிகமான, அதாவது பி.எச். 4.6க்குக் கீழே இருக்கும் பண்டத்தில் பாட்டுலிசம் கிருமி வளராது. ஈரம் இல்லாத பண்டத்திலும் வளராது. நம் பாட்டிகள் பி.எச். படிக்கவில்லை. ஆனால், எலுமிச்சையையும் உப்பையும் வெயிலையும் வைத்து இதே வேலையைச் செய்தார்கள். 2011ல் டெக்சஸ் சட்டம் வந்தபோது ரொட்டி, கேக், ஜாம், காய்ந்த மூலிகை மசாலா என்று கெட்டுப்போகாத ஐட்டங்களை மட்டும் அனுமதித்தது. 2025ல் அதைத் தலைகீழாக்கி, கறி, மீன், காய்ச்சாத பால் போன்ற சிலதைத் தவிர பெரும்பாலானதை விற்கலாம், வருஷத்துக்கு 1,50,000 டாலர் வரை விற்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். பட்டியல் நீளமோ குட்டையோ, ஆபத்தை வைத்துப் பிரிக்கும் வரை அதற்கு ஓர் அர்த்தம் உண்டு.

ரெண்டாவதைச் சொல்ல, நான் குரோம்பேட்டையில் குடியிருந்த காலத்துக்குப் போக வேண்டும். தொண்ணூறுகள். எங்கள் தெருவில் இட்லி மாவு விற்ற ஓர் அக்கா. கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் கிரைண்டர் வாங்கிப் போட்டிருந்தார். தூக்குவாளியோடு போனால் ஊற்றித் தருவார். லைசென்ஸும் இல்லை, லேபிளும் இல்லை. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 2006ல். வருஷ விற்பனை 12 லட்ச ரூபாய்க்குள் இருக்கும் சின்ன வியாபாரியும் 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2011ல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஒருநாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு அந்த அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். மூச்சு வாங்கியது. "தம்பி, சாயங்காலம் வாங்கின மாவை ஊத்திட்டீங்களா?" இல்லை என்றதும் முகத்தில் ஒரு நிம்மதி. விஷயம் இதுதான். மாலையில் அவர் கையில் இருந்த கண்ணாடி வளையல் உடைந்திருக்கிறது. துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பார்த்தால் ஒரு துண்டைக் காணோம். தரையில் எங்கேயாவது இருக்கலாம். மாவிலும் இருக்கலாம். "எதுக்கு தம்பி வம்பு" என்று மாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு காசைக் கையில் வைத்தார். அன்று மாவு வாங்கியது பதினாலு வீடு. பதினாலுக்கும் போனார். ரெண்டு வீட்டில் இட்லியே ஊற்றிவிட்டார்கள். பிட்டுப் பார்த்துச் சாப்பிடச் சொல்லாமல், அந்த இட்லியையும் வாங்கிக் கொட்டினார். அவருடைய ஒரு நாள் வருமானம் மட்டுமல்ல, மறுநாள் அரிசி வாங்க வைத்திருந்த முதலும் அதோடு போயிற்று.

இப்போது யோசித்தால் புரிகிறது. அவரால் அதைச் செய்ய முடிந்ததற்கு மனசாட்சி மட்டும் காரணமில்லை. எந்தப் பதினாலு கதவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதே மாவைப் பாக்கெட் போட்டு நாற்பது கடைக்கு அனுப்பியிருந்தால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எந்தக் கதவைப் போய்த் தட்டியிருப்பார்?

டெக்சஸின் 2011 சட்டம் வீட்டிலிருந்து நேராகத்தான் விற்க வேண்டும் என்றதும், வயோமிங்கின் 2015 சட்டம் நேரடி விற்பனையை மட்டும் அனுமதித்ததும் முதலில் எனக்கு வெறும் கெடுபிடியாகத்தான் தெரிந்தது. இல்லை. கதவு தெரிந்த தூரம் வரைக்கும் விற்றுக்கொள் என்று அதற்கு அர்த்தம் வைத்துப் பார்க்கலாம். டெக்சஸ் 2025ல் இதையும் தளர்த்தி, சில பண்டங்களைக் கடை வழியாகவும் விற்கலாம் என்றது. வீட்டில் உழைக்கும் பெண்களுக்கு அது நல்ல செய்தி. சந்தோஷம்தான். ஆனால், கதவு தெரியாத தூரத்துக்கு வியாபாரம் போகும்போது, நம்பிக்கையும் லேபிளும் மட்டும் போதாது. சோதனையும் பதிவும் அங்கே வேண்டும். அதைத் தொல்லை என்று நினைக்கக் கூடாது. நம்மால் தட்ட முடியாத கதவுகளை நமக்குப் பதிலாக யாரோ தட்டப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டும்.

நீங்கள் வீட்டில் ஏதாவது செய்து விற்கிறவரா? ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று ராத்திரி ஒரு வளையல் துண்டு காணாமல் போனால், எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? வாங்குகிறவரா? உங்கள் கதவை அவர் தட்டுவாரா என்று யோசியுங்கள்.

மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது அக்கா வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அரிசி கடனுக்கு வாங்கியிருப்பார். கையைப் பார்த்தேன். வளையல் இல்லை. அதற்கப்புறம் அந்தத் தெருவில் நான் இருந்த மூன்று வருஷத்திலும், மாவு அரைக்கும்போது அவர் கையில் வளையலைப் பார்த்ததே இல்லை.