கழிவுக் கணக்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்தோரு வருஷம் லேத் ஓட்டினேன். புதுப் பையன் வேலைக்கு வந்தால் முதல் நாளே ஆர்டர் பீஸைத் தொட விடமாட்டோம். மூலையில் கிடக்கும் துண்டு இரும்பை எடுத்துக் கொடுத்து, "இதுல பழகு" என்போம். அது எத்தனை கெட்டாலும் முதலாளி கேட்கமாட்டார்; கெடுவதற்கென்றே ஒதுக்கிய இரும்பு. பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. கை பழக நாளாகும், பொருள் வீணாகும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட காகிதம் அது என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

இரும்புக்குக் கொடுத்த அந்தச் சலுகையை இட்லிக்கு யாரும் கொடுக்கவில்லை.

எங்கள் லைன் வீட்டில் பக்கத்துப் போர்ஷன் பிள்ளைக்கு எட்டு மாசம். அம்மா பேட்டையில் ஏற்றுமதித் துணி தைக்கிற கம்பெனியில் வேலை. காலையில் வேன் வந்து ஹாரன் அடித்ததும் பிள்ளை பாட்டி கைக்கு மாறும். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, அவனை மடியில் சாய்த்து, அவன் கை இரண்டையும் தன் இடது கைக்குள் அடக்கிக்கொண்டு கூழை ஊட்டுவாள். நம் வீடுகளில் குழந்தைக்கென்று இருக்கிற சங்கு, பாலாடை எல்லாமே ஊற்றுகிற சாமான்தான். அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை கொடுக்கிற சத்துமாவும் பெரும்பாலும் கூழாகித்தான் வாய்க்குப் போகிறது. பிசைந்து கொழுக்கட்டையாகப் பிடித்து அவித்தால் கையில் கொடுக்கலாம். நல்ல மாவு.

கையால் சாப்பிடுகிற ஊர் இது. இங்கேதான் குழந்தை சோற்றில் கை வைத்தால் கையைத் தட்டிவிடுகிறோம். பிரிட்டனில் கில் ராப்ளி என்ற அம்மையார், குழந்தை தானே எடுத்துத் தின்னட்டும் என்று 2008-இல் புத்தகம் போட்டு, அந்த முறைக்கு ஒரு பெயரும் வாங்கிக்கொடுத்தார். அயப்பாக்கம் அடுக்குமாடிகளில் இப்போது அதற்கு உயரமான நாற்காலி, தரையில் விரிக்க ஷீட், மேசையை உறிஞ்சிப் பிடிக்கிற தட்டு எல்லாம் வந்திருக்கின்றன. ஃபிங்கர் ஃபுட் என்கிறார்கள். நமக்கும் இது புதிதில்லை. சோற்றைத் தொட்டுக் கலைத்து மேலெல்லாம் அப்பிக்கொள்ளும் பிள்ளையைப் புறநானூறு 188-இல் பாண்டியன் அறிவுடைநம்பி பாடியிருக்கிறான். அரசன். தரையைத் துடைக்க ஆள் இருந்திருக்கும்.

கையில் ஏன் கொடுப்பதில்லை என்று பாட்டியிடம் ஒருநாள் கேட்டேன். "புரை ஏறிச்சின்னா என்னண்ணே பண்றது? அவ என்னை நம்பி விட்டுட்டுப் போறா. சாயங்காலம் அவ மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது?"

இதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேர்க்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட், முறுக்கு எல்லாம் நிஜமாகவே ஆபத்து. இரண்டு விரலால் அழுத்தினால் நசுங்குகிற பொருள்தான் சரி: இட்லி, வெந்த சர்க்கரைவள்ளி, பழுத்த வாழைப்பழம். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். முதலில் ஓங்கரிக்கும், இருமும். துண்டை வெளியே தள்ள உடம்பு வைத்திருக்கிற வழி அது. சத்தம் வருகிறவரை பார்த்துக்கொண்டிருக்கலாம். சத்தமே இல்லாமல் முகம் மாறினால் உடனே முதலுதவி செய்ய வேண்டும். மிஷின்காரனுக்கு இது சட்டென்று புரியும். பாட்டிக்கு இதைச் சொல்லித்தர யார் நேரம் ஒதுக்கினார்கள்?

நேரம் என்றால் ஒரு கணக்கு இருக்கிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு அதோடு சாப்பாடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. 2017-இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கிறது. அதுவும் ஆறு மாதம்தான். பிரசவத்துக்கு முன்னால் எடுத்த வாரங்கள் அதிலேயே கழியும். ஆக, பிள்ளை தட்டைப் பார்த்துக் கை நீட்டத் தொடங்கும்போது அம்மா மிஷினுக்குத் திரும்பியிருப்பாள். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் கம்பெனி குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. பேட்டையில் நான் பார்த்த ஷெட்டுகளில் பாதிக்கு மேல் பத்து இருபது பேர்தான். மாநில அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து பேறுகால விடுப்பு 12 மாதம். கை மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரே மாதத்தில் திருந்துகிறது: ஆறாம் மாதம் முழு உள்ளங்கையால் அள்ளும், ஒன்பதாம் மாத வாக்கில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளும்.

போன வாரம் பாட்டியே கூப்பிட்டாள். "நீங்க பக்கத்துல குந்துங்க, குடுத்துப் பாக்கறேன்." பயத்தில் பாதியை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இட்லியை விரல் நீளத்துக்கு நறுக்கினாள். சுவரோடு பாயை மடித்துப் போட்டு, பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்தோம். முதல் துண்டை முழுசாக இறுக்கிப் பிடித்தான். விரல் சந்து வழியாக மாவாக வந்தது. முஷ்டிக்குள் அகப்பட்டதை எப்படி வாய்க்குக் கொண்டுபோவதென்று தெரியாமல் முஷ்டியையே சூப்பினான். இரண்டாவது காதில் போய் ஒட்டியது. மூன்றாவது தரையில். நாலாவதின் நுனி வாய்க்குள் போனது. ஓங்கரித்தான்; பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருமினான், கண்ணில் நீர் கட்டியது, துண்டு நாக்கின் முன்னுக்கு வந்தது. அதைத் திரும்ப மென்று, ஈறால் அரைத்து, விழுங்கிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நாற்பது நிமிஷம் ஆயிற்று.

ராத்திரி எட்டரைக்கு வேன் வந்தது. பிள்ளை தூங்கியிருந்தான். அவன் அம்மா வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள், கம்பெனியில் சூப்பர்வைசர் கேட்கிற அதே கேள்வி: "எத்தினி பீஸ் போச்சும்மா?"

"நாலு குடுத்தேன். மூணு வீணாப்போச்சு."

எங்கள் பட்டறையில் முதல் நாளுக்கு அது நல்ல கணக்கு.