சத்தம் யாருக்குக் கேட்கிறது?

அக்கா மகன் போன் செய்தான். முதல் மாதச் சம்பளம் வந்த குஷி.

‘‘மாமா, 1,300 ரூபாய்க்கு ஒயர் இல்லாத இயர்பட்ஸ் இருக்கு. 28,000 ரூபாய்க்குக் காதையே மூடற ஹெட்போன் இருக்கு. வெளிச் சத்தத்தையே காலி பண்ணிடுமாம். எதை வாங்கட்டும்?’’

பி.காம் படித்த பாவத்துக்கு, குடும்பத்தில் விலை சம்பந்தமான எல்லாக் கேள்விகளும் என்னிடம்தான் வரும். உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்த காஸ்ட்லி சமாசாரம் ஏற்கெனவே என்னிடம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கணக்கு இன்னும் டாலி ஆகவில்லை.

அது என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 1978-ல் அமர் போஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்தார். அப்பா வங்காளத்திலிருந்து போனவர். விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டைவிட என்ஜின் இரைச்சல்தான் அதிகம் கேட்டது. அங்கேயே பேனாவை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். வெளிச் சத்தத்தை ஒரு குட்டி மைக் பிடிக்க வேண்டும். அதற்கு நேர் எதிரான அலையைக் காதுக்குள் அனுப்ப வேண்டும். பற்றும் வரவும் சரியாகப் போய்விட்டால் பாக்கி ஏது? 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது.

ஒரே சீராக ‘உம்ம்ம்’ என்று இரையும் என்ஜின், ஏசி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் இது விழுங்கிவிடும். திடீர் ஹாரனிடமும் மனிதக் குரலிடமும் கொஞ்சம் திணறும். மலிவு இயர்பட்ஸ் சிலவற்றிலும் இந்த வசதி உண்டு. ஆனால் பஸ் இரைச்சலில் பெரும்பாலும் அரைகுறைதான். உடனே கை வால்யூமை ஏற்றும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று குறையும்.

ஆக, காதுக்குக் காஸ்ட்லிதான் நல்லது. அப்புறம் என்ன தயக்கம் என்கிறீர்களா?

எங்கள் தெருவில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாட்களில் அதன் ஜெனரேட்டர் ராத்திரி முழுக்க உறுமும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-லேயே விதி போட்டுவிட்டார்கள். ஜெனரேட்டருக்கு அது தெரியாது. கீழ்வீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மாவும் நானும் மூன்று முறை மனு கொடுத்தோம். மனுவை எழுதுவது நான். அலுவலகத்தில் பேசுவதும் நான். பத்திரிகைக்காரன் என்றால் உட்காரவாவது சொல்வார்கள்.

அப்புறம் ஹெட்போன் வாங்கினேன். ஜெனரேட்டர் ‘நின்றுவிட்டது’. ராத்திரி நிம்மதியாக எழுத முடிந்தது. நாலாவது மனுவைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஒருநாள் மாடிப்படியில் டீச்சரம்மா கேட்டார்: ‘‘உங்களுக்கு இப்பல்லாம் சத்தம் கேக்கறதில்லையாமே, சார்?’’

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே விசாரித்தார். அதுதான் சுருக்கென்றது.

நீங்களும் யோசித்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் சரியில்லையா, கேன் வாங்குகிறோம். கரண்ட் போகிறதா, இன்வர்ட்டர். வாங்குவதில் தப்பே இல்லை. அவரவர் அவஸ்தை அவரவருக்கு. ஆனால் அப்படி ஒவ்வொன்றை வாங்கும்போதும் தெருவில் புகார் சொல்கிற ஒரு ஆள் குறைகிறார். அதுவும் எந்த ஆள்? வாங்க வசதி உள்ளவர். அதிகாரி உட்காரச் சொல்லும் ஆள். மிச்சம் இருப்பவர்களுக்கு அதே இரைச்சல், ஆனால் குரல் பாதி. மண்டபத்துச் சுவரை ஒட்டிப் படுக்கிற வாட்ச்மேனை இதுவரை யாருமே கேட்டதில்லை, நான் உட்பட.

என் ஹெட்போன் விலையில் ஒரு பகுதியை டீச்சரம்மாதான் கட்டிக்கொண்டிருக்கிறார். பில்லில்தான் அது வரவில்லை.

அக்கா மகனிடம் சொன்னேன்: ‘‘தினமும் பஸ்ஸுல ரெண்டு மணி நேரம் போறவன், முடிஞ்சா நல்லதையே வாங்குடா. கடனுக்கு வேண்டாம். ஆனா வாரத்துல ஒருநாள் ராத்திரியாவது அதைக் கழட்டி வெச்சிட்டு, தெருவுல என்ன கேக்குதுன்னு கேளு.’’

நாலாவது மனுவை எழுதி டீச்சரம்மாவிடம் கையெழுத்து வாங்கப் போனேன். இந்த முறை வாட்ச்மேனிடமும் கேட்டேன். வேலை போய்விடும் சார் என்று மறுத்துவிட்டார்.

ஜெனரேட்டர் இன்னும் ஓடுகிறது. எனக்குக் கேட்கிறது.