தோற்றபின் ஒரு நாற்காலி

1925 பிப்ரவரியில் கோலாலம்பூரில் வசதியான தமிழ்க் குடும்பமொன்றில் ஜானகி பிறந்தார். அதே ஆண்டு அக்டோபரில், இங்கிலாந்தின் கிராந்தம் என்ற சிறு நகரில், மளிகைக்கடைக்காரர் ஒருவரின் வீட்டில் மார்கரெட் பிறந்தார். பின்னவர் மார்கரெட் தாட்சர், பிரிட்டனின் முதல் பெண் பிரதமர். முன்னவர் ஜானகி ஆதி நாகப்பன், ம.இ.கா. என்னும் மலேசிய இந்தியக் காங்கிரஸ் தோன்றியபோது அதற்குத் தோள் கொடுத்தவர், பின்னாளில் செனட்டர். தாட்சரின் பெயரை உலகம் அறியும். ஜானகியின் பெயரைச் சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் பலர் விழிப்பார்கள். அந்த வருத்தத்தில்தான் இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க, என்னைப் பிடித்து நிறுத்தியது அவர்களுடைய வெற்றி அல்ல. இருவரும் தோற்ற விதம்.

1943 இருவருக்குமே திருப்பமான ஆண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் மார்கரெட்டுக்கு முதலில் இடம் கிடைக்கவில்லை. வேறொரு மாணவி விலகிக்கொண்டதால் கடைசி நேரத்தில் சேர்ந்து வேதியியல் படித்தார். அதே ஆண்டு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் கோலாலம்பூரில் பேசியதைக் கேட்ட ஜானகி, காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேரப்போவதாகச் சொன்னார். அப்பா மறுத்தார். நெடுநேரம் மன்றாடிய பிறகே இசைந்தார். அந்த அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கியது. கேப்டன் லட்சுமியின் தலைமையில் நூற்றுக்கணக்கான பெண்கள் துப்பாக்கி பிடிக்கப் பழகினார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பால்மரத்தில் உளி போட்டு, வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு நடந்த பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கூடப் பார்க்காதவர்கள் பலர். தோட்டத்தில் அவர்களிடம் யாரும் எதையும் நம்பி ஒப்படைத்ததில்லை. கங்காணி சொன்னதைச் செய்ய வேண்டும், கிராணி எழுதியதை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கையில் ஒரு துப்பாக்கியையும் ஒரு நாட்டின் விடுதலையையும் கொடுத்து, இது உன் பொறுப்பு என்று சொன்னது அந்தப் படை. அதே காலத்தில்தான் ஜப்பானியர் நம் தோட்டத்து ஆண்களை லாரி லாரியாகச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. புருஷனையும் அண்ணன் தம்பியையும் பறிகொடுத்த லயங்களிலிருந்து எழுந்து வந்த துணிவு அது.

அந்தப் படை வெல்லவில்லை. பர்மா வரை சென்ற பெண்கள் 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கினார்கள். மேலே விமானங்கள், கீழே சேறு. நேதாஜியும் அவர்களோடு நடந்தார். படையில் இரண்டாம் நிலைப் பொறுப்புக்கு உயர்ந்திருந்த ஜானகிக்கு அப்போது இருபது வயது. உலகக் கணக்கில் அது தோல்வி. ஆனால் ஊர் திரும்பிய ஜானகியை அந்தத் தோல்வி மூலையில் உட்கார வைக்கவில்லை. இந்தியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவோடு சேர்ந்து பணி செய்தார். 1946இல் ஜான் திவி ம.இ.கா.வை உருவாக்கியபோது கூட நின்றார்.

மார்கரெட்டின் கதையும் தோல்வியில்தான் தொடங்குகிறது. 1950இல் டார்ட்ஃபோர்டு தொகுதியில் நின்றார், தோற்றார். 1951இல் அதே தொகுதியில் மறுபடி நின்றார், மறுபடி தோற்றார். 1959இல்தான் ஃபின்ச்லியில் வென்று நாடாளுமன்றம் போனார். 1975இல் கட்சித் தலைவர், 1979இல் பிரதமர். அவர் ஆட்சியை என்னால் பாராட்ட முடியாது. 1984-85 வேலை நிறுத்தத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை அவர் எதிர்கொண்ட விதம், தொழிற்சங்கச் சந்தாவில் வளர்ந்த குடும்பத்துப் பிள்ளையான எனக்கு இன்றும் வலிக்கிறது. அவருக்கு எதிராக ‘பிரிட்டிஷ் பொருள் கடைசியில்’ என்று 1981இல் முழங்கியவர் நம் அலோர் ஸ்டார் மகாதீர். அதற்குச் சில வாரங்கள் முன்பு, செப்டம்பர் 7ஆம் நாள் காலை, லண்டன் பங்குச் சந்தையில் பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரி சில மணி நேரத்தில் மலேசியர் கைக்கு வந்தது. தோட்டங்களின் முதலாளி மாறினார். மரத்தடியில் பால் மங்கு கழுவிய பெண்ணின் காலைப்பொழுது மாறவில்லை.

ஆனாலும் தாட்சரின் வாழ்வில் ஒன்றை நான் மறுக்க மாட்டேன். இருபத்து நான்கு வயதுப் பெண்ணை, தோற்கப்போகிற தொகுதி என்று தெரிந்தே ஒரு கட்சி நிறுத்தியது. தோற்றதும் மறுபடி நிறுத்தியது. தலைமை என்பது பிறவிக் குணம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். இந்த இரண்டு வாழ்க்கைகளும் எனக்கு வேறொன்றைக் காட்டின. ஒருவரை நம்பிப் பொறுப்பைக் கொடுத்து, அவர் தடுக்கி விழுந்தாலும் இரண்டாம் முறை அழைக்கும் ஒரு கூட்டம் இருந்தால்தான் தலைவர் உருவாகிறார். முதல் வாய்ப்பு திறமையைச் சோதிக்கிறது. தலைவரை உண்டாக்குவது இரண்டாம் வாய்ப்பு.

ஜானகிக்கு அது கிடைத்தது; படிப்பும் குடும்ப வசதியும் பின்னால் இருந்தன. அவரோடு ரங்கூனிலிருந்து நடந்த தோட்டத்துப் பெண்கள்? அவர்களில் எத்தனையோ பேர் மறுபடி பெரட்டுக் களத்தில் நின்றார்கள். ஆணையிடப் பழகிய குரல் மறுபடி கங்காணிக்குப் பதில் சொல்லும் குரலானது. எங்கள் கெடாவிலேயே, 1947 பிப்ரவரி 28ஆம் நாள், ஏ.எம். சாமியின் தொண்டர் படையினர் பீடோங் கள்ளுக்கடையை எதிர்த்துத் திரண்டு போலீசோடு மோத, ஒரு தொழிலாளி உயிர்விட்டார். கள்ளுக்கடையால் வீட்டில் உலை கொதிக்காமல் தவித்தவர்கள் பெண்கள். அந்த எழுச்சியின் பெயர்களாக ஏட்டில் நிற்பவர்கள் ஆண்கள்.

ஜானகிக்கு 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. 2014 மே மாதம் அவர் மறைந்தார். 2013இல் பக்கத்து பினாங்கின் பத்து காவானில் கஸ்தூரிராணி பட்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது நான் மகிழ்ந்தேன். ஆனால் என் கண் பெரிய மன்றங்களை விட எங்கள் சிறிய கூட்டங்கள் மேல்தான் இருக்கிறது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போன பிறகு, நம் பெண்கள் கூலிம், சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டு பார்த்துக்கொண்டே கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் தாங்குகிறார்கள். கூட்டத்தில் மட்டும் பெண்ணுக்குச் செயலாளர் பதவி, பொருளாளர் பதவி; தலைவர் நாற்காலி ஆணுக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சென்ற ஆண்டு ஓர் அம்மா தலைவரானார். விருந்து நிகழ்ச்சி ஒன்றின் கணக்கு துண்டு விழுந்தது. சொந்தக் காசைப் போட்டுச் சரிக்கட்டினார். அவருக்கு முன் இருந்த ஆண் தலைவர் காலத்தில் இப்படி மும்முறை நடந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. இப்போதோ ‘இதெல்லாம் பொம்பளைங்களுக்கு ஒத்துவராதுக்கா’ என்று வேறொரு பெண்ணே அவரிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் ஆண்டுக் கூட்டம். அவர் பெயரை நான் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். கேண்டீன் நடத்தும் அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.