வழிநடையும் கடப்பாடும்

பயணம் அறிவை விரிவு செய்யும் என்பது பலராலும் ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஆயின், உடன் வருபவர் யார் என்பதைப் பொறுத்துப் பயணத்தின் இயல்பே மாறிவிடுகின்றது என்பது அத்துணை கவனிக்கப்படுவதில்லை. தனித்துச் செல்பவன் தன் விருப்பப்படி நடக்கலாம். நண்பரோடு செல்பவன் மனம் ஒவ்வாதவிடத்துப் பிரிந்து போகலாம். தாயையோ தந்தையையோ உடனழைத்துச் செல்பவனுக்கு இவ்விரு உரிமைகளும் இல்லை. வீட்டில் நீண்டகாலம் பேசப்படாதிருந்த உறவின் கணக்குகள் யாவும் அந்நிய நாட்டுத் தெருவொன்றிலே திடீரென வெளிப்பட்டு நிற்கின்றன. பெற்றோருக்குப் பிள்ளை செலுத்த வேண்டியது யாது? அதனைச் செலுத்தி முடித்தல் இயலுமா? இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஸ்பெயின் தேசத்து வழிகள் பொருத்தமான களமாக அமைகின்றன.

அந்நாடு மேட்டுநிலமும் மலைத்தொடர்களும் நிறைந்தது. பழைய நகரங்கள் பல காவல் கருதிக் குன்றுகளின்மீது எழுப்பப்பட்டவை. தாகஸ் நதி மூன்று புறமும் சூழ்ந்த பாறைமேட்டிலே தொலேடோ நிற்கின்றது. கிரனடாவின் அல்ஹம்பிரா மாளிகை நகருக்கு மேலே ஒரு குன்றில் அமைந்துள்ளது. 1992 ஆம் ஆண்டில் மட்ரிட்டுக்கும் செவில் நகருக்கும் இடையே அதிவேகப் புகையிரதசேவை தொடங்கிய பின்னர் நகருக்கு நகர் உள்ள தூரம் சுருங்கிற்று. ஆயினும் விடுதிவாயிலுக்கு ஏறிச் செல்லும் கல் பரவிய தெரு அன்றுபோல் இன்றும் செங்குத்தாகவே உள்ளது. ஏற்றமும் இறக்கமும் அங்கு முதலில் முழங்காலுக்கே தெரியவருகின்றன.

அந்நாட்டு வழிகளிலே பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து சென்ற வரலாறுகள் பல. போர்த்துக்கலை விட்டு 1485 ஆம் ஆண்டளவில் ஸ்பெயினுக்கு வந்த கொலம்பஸ் மனைவியை இழந்தவர். மகன் டியேகோ சிறு பிள்ளை. பாலோஸ் துறைமுகத்துக்கு அருகேயுள்ள லா ராபிதா மடத்தின் வாயிலிலே அவர் அச்சிறுவனுக்காகப் பாணும் நீரும் கேட்டு நின்றார் எனப் பிற்காலத்து வழக்கொன்றில் அளிக்கப்பட்ட சாட்சியம் கூறுகின்றது. கடலைக் கடக்கும் பெருந்திட்டத்தை உள்ளத்தில் சுமந்தவர், பிள்ளையின் பசிக்காக அந்நியர் கதவைத் தட்டினார். கொலம்பஸின் பிற்காலச் செயல்கள் கடுமையான கண்டனத்துக்கு உரியன. எனினும் இந்நிகழ்ச்சி பெற்றோர் யாவர்க்கும் பொதுவான ஓர் உண்மையைச் சுட்டுகின்றது. பிள்ளை தளரும்போது பெற்றோரின் பயணமும் தளர்கின்றது. பிள்ளை அதனை அறிவதில்லை. அறிந்தாலும் நினைவில் வைத்திருப்பதில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி 1879 ஆம் ஆண்டுக்குரியது. வட ஸ்பெயினிலுள்ள அல்தமிரா குகைக்கு மார்செலினோ சன்ஸ் தே சௌதுவோலா என்பார் தம் எட்டு வயது மகள் மரியாவுடன் சென்றார். ஆதி மனிதரின் கருவிகளைத் தேடி அவர் மண்ணை அகழ்ந்துகொண்டிருக்க, சிறுமி தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள். காட்டெருதுகளின் வண்ண உருவங்கள் அங்கே இருந்தன. கற்றறிந்த தந்தையின் கண் நிலத்தில் பதிந்திருந்தமையால் காணாததைக் குழந்தையின் கண் கண்டது. அவர் மகளின் சொல்லைக் குழந்தைப்பேச்செனத் தள்ளாது தாமும் நிமிர்ந்து நோக்கினார். 1880 இல் தம் கருத்தை நூலாக வெளியிட்டார். அறிஞர்கள் ஏற்க மறுத்தனர்; மோசடி என்ற பழியும் எழுந்தது. 1888 இல் அவர் இறந்தார். எதிர்த்தோருள் முதன்மையானவரான பிரெஞ்சு அறிஞர் கார்த்தையாக் 1902 இலேயே தம் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதினார். ஒரு பிள்ளை கண்டதை மெய்யென மதித்தமைக்காகத் தந்தையொருவர் தம் நற்பெயரையே விலையாகக் கொடுத்தார் எனின் மிகையாகாது.

இவ்வாறு பெற்றதைப் பிள்ளை எங்ஙனம் திருப்பிக் கொடுப்பது? தந்தைக்கு மகன் கடனாளி என்றும், அவன் எதைச் செய்யினும் தான் பெற்றதற்கு அது ஈடாகாது என்றும் அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலிலே கூறுகின்றார். அமெரிக்க மெய்யியலாளர் ஜேன் இங்கிலிஷ், 1979 இல் வெளிவந்த கட்டுரையொன்றிலே இதற்கு மாறான நிலையை எடுத்தார். பெற்றோர் அன்பினால் செய்தவை கடனாகக் கொடுக்கப்பட்டவை அல்ல. ஆதலால் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் எதுவும் இல்லை. வளர்ந்த பிள்ளையின் கடமைகள் இருவருக்குமிடையே நிலவும் நட்பிலிருந்தே பிறக்கின்றன என்பது அவர் வாதம்.

இவ்விரு கொள்கைகளையும் வழிநடையில் வைத்துச் சோதித்தல் தகும். பயணத்தைக் கடன்தீர்க்கும் செயலாகக் கருதும் பிள்ளை, தான் செலவிட்டதை உள்ளத்தில் எண்ணிக்கொண்டே நடக்கின்றான். தந்தை மகிழவில்லை எனின் கொடுத்த பணம் ஏற்கப்படாதது போல் அவனுக்குச் சினம் மூள்கின்றது. நட்பு என்று கொள்வோரின் நிலையும் முற்றாகப் பொருந்தவில்லை. நண்பர் தெரிந்தெடுக்கப்படுபவர், தாய் தெரிந்தெடுக்கப்படுபவள் அல்லள். நண்பரின் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொள்பவனும் தாயின் சிறு முறைப்பாட்டுக்கு வெகுளக் காண்கின்றோம். ஸ்பெயினில் மதிய உணவு இரண்டு மணிக்குப் பின்னரும் இரவு உணவு பெரும்பாலும் ஒன்பது மணிக்குப் பின்னருமே உண்ணப்படும். மாலை ஏழு மணிக்கு உண்டு மருந்தெடுத்துப் பழகிய முதியவருக்கு இது பெருந்துன்பம். இத்தகைய அற்ப காரணத்தில் தொடங்கும் சச்சரவு முப்பது ஆண்டுப் பழைய மனத்தாங்கலில் போய் முடிவதுண்டு.

எழுபது வயது கடந்த தாயொருத்தியும் அவள் மகளும் கோடைகாலத்திலே அல்ஹம்பிராவுக்குச் செல்வதாக வைத்துக்கொள்ளலாம். அங்குள்ள நஸ்ரித் மன்னர் மாளிகைகளுக்குள் சீட்டிற் குறித்த நேரத்திலேயே நுழைதல் வேண்டும். மகள் பல வாரங்களுக்கு முன்னரே சீட்டுப் பெற்றிருக்கிறாள். தாயோ ஹெனராலிபே தோட்டத்தில் நீர்த்தாரைகளின் அருகே நிழலில் அமர்ந்துவிட்டாள். “நீ சென்று பார்த்து வா, நான் இங்கே இருக்கிறேன்” என்கிறாள். மகள் தனியே செல்வாளாயின் தாயைக் கைவிட்டதாக நெஞ்சு சுடும். செல்லாதிருப்பின் முகத்தில் தோன்றும் ஏமாற்றமே தாய்க்குத் தண்டனையாகும். சக்கரநாற்காலியை வருவித்து வற்புறுத்தி அழைத்துச் சென்றால் உடலுக்கு உதவி கிடைக்கும். ஆனால் தன் பயணத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை தாயிடமிருந்து பறிபோகும்.

இம்மூன்றில் எது சரி என்பதற்கு விடை தாயின் அந்த ஒரு வாக்கியத்திலேயே அடங்கியுள்ளது. அவள் உண்மையாகவே அந்நிழலை விரும்பினாளா? அன்றி, பிள்ளைக்குப் பாரமாகிவிடுவேன் என்ற அச்சத்தினால் அவ்வாறு கூறினாளா? பெற்றோர் தம் விருப்பத்தை மறைத்தே வாழ்ந்து பழகியவர்கள். உணவு குறைந்த நாளில் பசியில்லை என்று சொன்ன நாவே இங்கும் பேசுகின்றது. ஆதலின் பிள்ளையின் முதற்கடமை அவ்வாக்கியத்தின் மெய்ப்பொருளை அறிதலாகும். ஒரு கணம் அருகில் அமர்ந்து கேட்டல் வேண்டும். கேட்டபின் கிடைக்கும் விடை தன் திட்டத்தைக் குலைப்பினும் அதனை நம்புதல் வேண்டும். குகையிலே மகளின் சொற்கேட்டு நிமிர்ந்து நோக்கிய தந்தை செய்ததும் இதுவே. இப்போது நிமிர்ந்து நோக்க வேண்டிய முறை பிள்ளையினுடையது.

இக்கடப்பாடு ஒருபுறமானதன்று. பிள்ளை உண்மையைக் கேட்கக் கடமைப்பட்டிருப்பதுபோல், பெற்றோரும் அதனைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளனர். வலியை மறைத்து நடந்து பின்னர் அதனைக் குறையாகச் சொல்லுதலும், வேண்டாம் என்று கூறிவிட்டு அழைக்கவில்லையே என வருந்துதலும் பிள்ளைக்கு இழைக்கப்படும் அநீதியேயாம். பாரமாக இருத்தல் கூடாது என்ற எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால் அதன்பொருட்டுச் சொல்லப்படும் பொய் இருவரையும் தனிமைப்படுத்துகின்றது. மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறு பற்றிப் பேசுமிடத்து வள்ளுவரும் ஊழியத்தைக் கூறாது, ஊரார் வாயால் தந்தைக்கு வந்து சேரும் மதிப்பையே கூறியமை ஈண்டு நோக்கற்பாலது. சுமந்து செல்லப்படுவதினும் மதிக்கப்படுவதையே முதுமை வேண்டி நிற்கின்றது.

பிரெஞ்சு எல்லைப்புற மலையடிவாரத்திலிருந்து சந்தியாகோ தே கொம்பொஸ்தெலா வரை ஏறத்தாழ 800 கிலோமீற்றர் நீளும் யாத்திரைப் பாதையிலே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் நடையிலேயே நடப்பர். விரைந்து செல்பவர் முன்னே போவார். தளர்ந்தவர் பின்னே வருவார். மாலையில் யாத்திரிகர் விடுதியில் மீண்டும் சந்திப்பர். ஒரே வேகத்தில் நடந்தாலன்றி உறவு இல்லை என எவரும் அங்கு நினைப்பதில்லை. சந்திக்கும் இடம் இருவருக்கும் தெரிந்திருத்தலே போதுமானது.

தாயின் சொல் மெய்யென்று தெளிந்தபின் மகள் மாளிகைக்குச் செல்லலாம், அதில் குற்றமில்லை. ஒருத்தி தூண்களையும் விதானங்களையும் காண்பாள். மற்றவள் நீரின் ஓசையைக் கேட்டிருப்பாள். இரவு உணவு வரும்வரை காத்திருக்கும் நீண்ட பொழுதிலே ஒருத்தி கண்டதை மற்றவள் கேட்டறிவாள். அப்போது யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கு தீர்ந்துவிடுவதில்லை. அது தீர வேண்டும் என்ற அவசரமும் இருவரிடமும் இருப்பதில்லை.